மூன்று முடிச்சும் முந்நூறு வெட்டும்
(மணமக்கள் கதை சொல்லும் திருமணப் படங்களின் தொகுப்பு குறித்து ஒரு திறனாய்வு)

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்” என்றார்கள் பெரியவர்கள். இன்றைக்கு அவர்கள் இருந்தால், “கல்யாணப் படத்தை முழுசா உட்கார்ந்து பார்” என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள்.

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த சங்க நண்பர், “வழக்கம்போல சங்க இலக்கியத்திலே ஏதாவது எழுதிக் குடுங்க சார்” என்றார். “இந்தத் தடவை கல்யாண வீடியோவைப் பத்தி எழுதப் போறேன்” என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். இரண்டும் அவ்வளவு தூரத்தில் இல்லை என்பது கட்டுரையின் பிற்பகுதியில் அவருக்கும் விளங்கும் என்று நம்புகிறேன்.

கவிதைக்குத் திறனாய்வு உண்டு, நாடகத்துக்கு உண்டு, திரைப்படத்துக்கோ தேவைக்கு மேலேயே உண்டு. ஆனால் நாமே காசு கொடுத்து எடுக்கச் சொல்லி, பேரன் பேத்தி காலம்வரை காப்பாற்றி வைக்க நினைக்கிற ஒரே படமான கல்யாணப் படத்துக்குத் திறனாய்வு கிடையாது. “நல்லா வந்திருக்கு”, இல்லையென்றால் “என் மச்சினியைக் காட்டவே இல்லை”. இந்த இரண்டு வாக்கியங்களோடு நம் விமரிசனம் முடிந்துவிடுகிறது. தமிழகத்துக்கு வெளியே வாழும் குடும்பங்களுக்கு இந்த அலட்சியத்தால் வரும் நஷ்டம் பெரியது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

1. கேசட்டிலிருந்து கதைக்கு

1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அதன் பின்னாலேயே வி.எச்.எஸ். கேமராவும் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தது. கண்ணைக் கூச வைக்கும் விளக்கு, ஒயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடும் பையன், மூன்று மணி நேரக் கேசட், தாலி கட்டும்போது இதய வடிவத்துக்குள் இரண்டு முகங்கள், பின்னணியில் சினிமாப் பாட்டு. இப்போது பார்த்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தக் கேசட்டுக்கு ஒரு நற்குணம் இருந்தது. அது அதிகம் வெட்டாது. ஒரு டேப்பிலிருந்து இன்னொரு டேப்புக்கு மாற்றி மாற்றித்தான் தொகுக்க வேண்டும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் படம் மங்கும். ஆகவே வெட்டுவதற்கே யோசிப்பார்கள். பந்தியில் கேமரா இலை இலையாக நகரும். சாப்பிடும்போது படம் பிடிக்கிறானே என்று கையால் முகத்தை மறைக்கிற சித்தப்பா வரையில் எல்லாரும் அதில் இருப்பார்கள். கலை இல்லை, ஆள் இருந்தார்கள்.

பிறகு கம்ப்யூட்டர் தொகுப்பு வந்தது. பிரீமியர், எடியஸ் போன்ற மென்பொருள்கள் வந்தபின் வெட்டுவதற்குச் செலவும் இல்லை, பயமும் இல்லை. 2008இல் கேனன் 5டி மார்க் 2 போன்ற புகைப்படக் கேமராக்களிலேயே உயர்தரக் காணொளி எடுக்க முடிந்தது. முகம் தெளிந்து பின்புறம் கலங்குகிற அந்தச் சினிமாத் தோற்றம் சின்ன ஸ்டூடியோக்காரர் கைக்கும் வந்துவிட்டது. ‘சினிமாட்டிக் வெட்டிங் ஃபிலிம்’ என்ற சொல் புழங்கலாயிற்று. 2017இல் இத்தாலியில் நடந்த விராட் கோலி – அனுஷ்கா சர்மா திருமணத்தின் படக்காட்சிகள் நாடெங்கும் பரவிய பிறகு, “எங்களுக்கும் அந்த மாதிரி வேணும்” என்று கேட்காத மணமக்கள் குறைவு. 2019இல் வந்த ‘மேட் இன் ஹெவன்’ என்ற டெல்லித் திருமணத் தொடரில் கல்யாண வீடியோ எடுப்பவனே கதைசொல்லியாக வருகிறான். ஒயர் பிடித்த பையனின் வாரிசு கதாசிரியனாகிவிட்டான் என்று கொள்ளலாம்.

2. களவும் கற்பும்

இந்தப் புதுவகைப் படத்தின் இலக்கணம் என்ன? இருவர் சந்தித்தார்கள், பழகினார்கள், தடைகள் வந்தன, சேர்ந்தார்கள். அந்தக் கதையின் உச்சக்காட்சியாகத் திருமணம் வரும். தொல்காப்பியர் வழியில் சொன்னால், மண்டபத்தில் நடப்பது கற்பு. எடிட்டிங் மேசையில் சேர்க்கப்படுவது களவு. கொடுப்பதற்கு உரியவர்கள் கொடுக்க, கரணத்தோடு கொள்வதே கற்பு என்று கற்பியல் தொடங்குகிறது. உடன்போக்கு நேர்ந்தவிடத்துக் கொடுப்போர் இல்லாமலும் கரணம் உண்டு என்று அவரே இடம் கொடுக்கிறார். ஆக, இருவரின் சொந்தக் கதைக்கு நம் மரபு எதிரி அன்று. காதல் திருமணம் செய்துகொண்டவர்கள் தங்கள் களவைப் படத்தில் சொல்வதில் பிழையே இல்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணத்துக்கும் எடிட்டர் ஒரு களவைத் தயாரிக்கும்போது வருகிறது. பையனையும் பெண்ணையும் லோதி தோட்டத்துக்கு அழைத்துப் போய் எதிரெதிரே நடக்கவிட்டு, ‘முதல் சந்திப்பு’ என்று போடுகிறார்கள். நிஜமான முதல் சந்திப்போ வேறு. திருநெல்வேலிப் பெரியம்மா ஜாதகத்தை மஞ்சள் தடவி அனுப்பியது, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு கண்விழித்துப் போனது, கேசரியில் சர்க்கரை போட மறந்தது, அதையே சாக்கிட்டு இருவரும் முதன்முதலாகச் சிரித்தது. இதுவும் மணமக்களின் சொந்தக் கதைதானே? ஆனால் இதில் பெரியம்மா இருக்கிறாள், ரயில் இருக்கிறது, கேசரி இருக்கிறது. எடிட்டர் கையில் வைத்திருக்கும் அச்சில் இவை அடங்குவதில்லை. இருவர் மட்டுமே கதை என்றால் மற்றவர் எல்லாரும் பின்னணியில் கலங்கிப்போன உருவங்கள்.

ஒரு நுணுக்கமான சான்று சொல்கிறேன். பல குடும்பங்களில் மூன்றாவது முடிச்சை நாத்தனார் போடுவது வழக்கம். சமீபத்தில் நான் பார்த்த நான்கைந்து படங்களில் அந்தக் கை வெட்டப்பட்டிருக்கிறது. குறுக்கே ஒரு கை வருகிறது, ஃப்ரேம் கெடுகிறது என்று எடிட்டர் நினைத்திருப்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் கை யாருடையது, அது ஏன் அங்கே வருகிறது என்று அவருக்கு நாம் சொல்லவில்லை.

3. பேச்சு எங்கே இருக்கிறது?

இந்தப் பட வடிவம் மேலைநாட்டுத் திருமணத்திலிருந்து வந்தது. அங்கே மணமக்கள் உறுதிமொழி சொல்கிறார்கள். விருந்தில் தந்தையும் தோழனும் எழுந்து பேசுகிறார்கள். அந்தக் குரல்களைச் சரடாக எடுத்து, அதில் காட்சிகளைக் கோப்பது அவர்கள் முறை. குரல் முதலில் கேட்கும், முகம் பின்னால் வரும். முகம் போன பின்னும் குரல் தொடரும். தொகுப்பாளர்கள் இதை ஜே-கட், எல்-கட் என்பார்கள். பேச்சு இருக்கிற திருமணத்துக்கு இது அருமையான உத்தி.

நம் வைதிகச் சடங்குத் திருமணங்களில் மேடைப்பேச்சு இல்லை. அதனால் மணமக்களைத் தனியே உட்கார வைத்து, “அவரிடம் உங்களுக்குப் பிடித்தது என்ன?” என்று கேட்டுப் பதிவு செய்கிறார்கள். எல்லாப் பெண்ணும் “கேரிங்” என்கிறாள். எல்லாப் பையனும் “அவ ஸ்மைல்” என்கிறான். பாவம், வேறென்ன சொல்வார்கள்!

பேச்சு நம்மிடம் இல்லையா? ஏராளமாக இருக்கிறது, வேறு இடத்தில் இருக்கிறது. நலங்கில் கேலி, ஊஞ்சலில் பாட்டு, மாமன் சீர் கொண்டுவரும்போது நடக்கும் பங்காளி வம்பு, “காபியிலே டிகாஷன் பத்தலை” என்கிற சம்பந்தியின் குறை, “அப்பா வலது கையைக் கொடுங்கோ” என்கிற சாஸ்திரிகளின் அவசரம், மொய் எழுதுகிறவர் பெயரைச் சத்தமாகத் திரும்பக் கேட்பது. இவைதாம் நம் திருமணத்தின் வசனங்கள். சுயமரியாதைத் திருமணத்திலோ உறுதிமொழியும் உண்டு, வாழ்த்துரையும் உண்டு. 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் தமிழ்நாட்டில் சட்ட ஏற்பும் பெற்ற முறை அது. எந்தச் சரடுக்காக எடிட்டர் தவிக்கிறாரோ அந்தச் சரடு தயாராக இருக்கிற திருமணம். அங்கேயும் “லெக்சர் போரடிக்கும்” என்று பேச்சை எடுத்துவிட்டு இசையைப் போடுகிறார்கள். மொழி தெரியாதவருக்கு எல்லாப் பேச்சும் சத்தம்தான். மும்பையிலும் டெல்லியிலும் கொல்கத்தாவிலும் நம் கல்யாணத்தைத் தொகுக்கிறவர் பெரும்பாலும் தமிழ் தெரியாதவர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

4. மெதுவாக்கினால் மேளம் போகும்

ஒரு சின்னக் கணக்கு. தாலி கட்டி மூன்று முடிச்சு விழப் பத்து நொடி ஆகிறது என்று கொள்வோம். நொடிக்கு 100 படங்களாக எடுத்து, 25 படங்களாக ஓட்டினால் பத்து நொடி நாற்பது நொடியாக நீளும். பார்க்க அழகுதான். அட்சதை பூ மாதிரி இறங்கும்; கண்ணீர் கன்னத்தில் நின்று நின்று வழியும். ஆனால் ஒலியை அப்படி நீட்ட முடியாது. நீட்டினால் நாகஸ்வரம் அழும், தவில் முனகும். ஆகவே ஸ்லோ மோஷன் போட்ட இடத்திலெல்லாம் அந்த இடத்தின் ஒலி போய்விடுகிறது. காலியான இடத்தில் பியானோவோ இந்திப் பாட்டோ வந்து உட்காருகிறது.

கெட்டிமேளம் எதற்கு? அந்தக் கணத்தில் தும்மலோ அழுகையோ அபசகுனச் சொல்லோ காதில் விழக்கூடாது என்பதற்காக என்று பெரியவர்கள் சொல்வார்கள். எல்லா ஒலியையும் மூடுவதற்காகவே ஏற்பட்ட ஒலியை ஒரு மௌஸ் கிளிக்கில் மூடிவிடுகிறோம்!

இங்கே என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. டெல்லியில் நடந்த என் மூத்த பெண் கல்யாணத்தில், எண்பது வயது கடந்த என் அம்மா ஊஞ்சலின்போது பாடினாள். எழுதி வைத்த பாட்டு இல்லை. அவள் அம்மா பாடியது, ஊர்ப்பெயரும் பிள்ளைகள் பெயரும் கலந்து வரும். நடுவே அடி மறந்து, சிரித்து, மறுபடி பிடித்தாள். கல்யாணப் படம் வந்தது. பதினைந்து நிமிடம். ஒரு நாள் கையில் பேனாவோடு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்: முந்நூறுக்கு மேல் வெட்டுகள். சராசரி ஒரு காட்சிக்கு மூன்று நொடி. அம்மாவுக்கு இரண்டு காட்சி. வாய் அசைகிறது, கேட்பது இந்திப் பாட்டு. அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. “பாட்டி எவ்வளவு அழகா இருக்கா பாரு” என்றுதான் சொன்னோம்.

இரண்டு வருடத்தில் அம்மா போய்விட்டாள். சின்னவள் கல்யாணத்துக்கு அந்தப் பாட்டு வேண்டும் என்று தேடினோம். யாருக்கும் முழுதாகத் தெரியவில்லை. படம் எடுத்தவர்களிடம் கேட்டேன். “அங்கிள், டெலிவரி ஆகி மூணு மாசத்துல ஹார்ட் டிஸ்க்கைக் காலி பண்ணிடுவோம்” என்றார் அந்தப் பையன், வருத்தத்தோடுதான். அவர் பேரில் எனக்குக் கோபம் இல்லை. ஒப்பந்தத் தாளில் அது இருந்ததாம், நான் படிக்கவில்லை. ஒரு பாட்டு எங்கள் குடும்பத்தைவிட்டு இப்படித்தான் போயிற்று.

5. ஒட்டுப்போட்ட கண்ணீர்

‘தி இங்கிலீஷ் பேஷண்ட்’ படத்தொகுப்புக்கு ஆஸ்கர் பெற்ற வால்டர் மர்ச், ஒரு வெட்டு சரியா என்று பார்க்க ஆறு அளவுகோல்களைச் சொல்கிறார். உணர்வுக்கு 51 விழுக்காடு, கதைக்கு 23, தாளத்துக்கு 10, மற்ற மூன்றுக்கும் சேர்த்து மீதி. “அவரே உணர்வுக்குத்தான் முதல் மார்க் போடுகிறார்” என்று திருமணப் படத் தொகுப்பாளர்கள் சொல்லக்கூடும். சரிதான். ஆனால் யாருடைய உணர்வு, எப்போது உண்டான உணர்வு?

குலெஷவ் என்ற ருஷ்ய இயக்குநர் நூறாண்டுக்கு முன்பே காட்டினார்: ஒரே முகத்தை வெவ்வேறு காட்சிக்குப் பக்கத்தில் ஒட்டினால், பார்ப்பவர் அந்த முகத்தில் வெவ்வேறு உணர்ச்சியைக் காண்பார். கல்யாணப் படத்தில் இது அன்றாடம் நடக்கிறது. ஹோமப் புகையில் கண் கலங்கிய மாமியாரை எடுத்து, தாலி கட்டும் காட்சிக்குப் பக்கத்தில் ஒட்டினால் ஆனந்தக் கண்ணீர். வரவேற்பில் ஏதோ ஜோக்குக்குச் சிரித்த மாப்பிள்ளை, மணப்பெண் மண்டபத்துக்குள் வரும்போது சிரிப்பதாகக் காட்டலாம். கதைப்படத்தில் இது கலை. நினைவுப்படத்தில்? முப்பது வருடம் கழித்துப் பார்க்கும் பேரன், பாட்டி அழுதாள் என்றே நம்புவான். சினிமா நடிகர் வேறு, பாத்திரம் வேறு. இங்கே இரண்டும் ஒருவரே. ஆகவே ‘நடந்த உணர்வு நடந்த இடத்தில்’ என்பதைத் திருமணப் படத்துக்கு ஏழாவது அளவுகோலாகச் சேர்க்கலாம் என்பது என் கருத்து.

6. அகநானூறு தொகுத்த திருமணம்

இப்போது நம் நண்பர் கேட்ட சங்க இலக்கியத்துக்கு வருவோம். அகநானூற்றின் 86ஆம் பாடலும் (நல்லாவூர் கிழார்) 136ஆம் பாடலும் (விற்றூற்று மூதெயினனார்) பழந்தமிழ்த் திருமணத்தைக் காட்டுவன. வழக்கமாக இவற்றைத் ‘தாலி உண்டா, ஐயர் உண்டா, தீ உண்டா’ என்று பார்க்கவே எடுப்போம். தொகுப்பு முறைக்காகப் பார்த்தால் மூன்று செய்திகள் கிடைக்கின்றன.

முதலாவது, இரண்டு பாடலுமே சாப்பாட்டில் தொடங்குகின்றன. ஒன்றில் உளுந்து கலந்த சோறு. மற்றதில் நெய் மிகுந்த இறைச்சிச் சோறு. நம் எடிட்டர் மண்டபத்தை ட்ரோனில் மேலிருந்து காட்டித் தொடங்குகிறார்; சங்கப் புலவர் பந்தியில் தொடங்குகிறார். ஊர் சாப்பிட்டதுதான் முதல் சாட்சி.

இரண்டாவது, எல்லாம் வரிசையாகவும் பருப்பொருளாகவும் வருகின்றன. பந்தல், மணல், நல்ல நாள், நீராட்டி வாழ்த்தும் மகளிர், முழவு. இத்தனைக்கும் பிறகுதான் இருவரும் தனித்திருக்கும் பொழுதும் அவள் நாணமும். சுற்றத்தைக் காட்டிய பின் காட்டுவதால்தான் அந்தத் தனிமை தனிமையாகத் தெரிகிறது. ஊரையே வெட்டிவிட்டு இருவரை மட்டும் காட்டினால் தனிமைக்கு அர்த்தம் ஏது?

மூன்றாவதுதான் முக்கியம். இரண்டும் மருதத்திணை, ஊடல் திணை. 86இல் கதவடைக்கும் தோழியிடம் தலைவன் சொல்கிறான். 136இல் எவ்வளவு சமாதானம் செய்தும் ஊடல் தீராத மனைவியை எண்ணி, தன் நெஞ்சிடம் சொல்கிறான். அதாவது, திருமணம் நடந்த அன்றைக்குச் சொல்லப்பட்டதல்ல. பிற்பாடு, மனம் கசந்த ஒரு நாளில் தேவைப்பட்டு எடுத்துப் பார்க்கப்பட்டது. கல்யாணப் படத்தின் உண்மையான பார்வையாளர் இவர்தாம். ரிசப்ஷன் முடிந்த வாரத்தில் வாட்ஸப்பில் பார்த்துக் கட்டைவிரல் காட்டுகிறவர் அல்லர்.

நியூயார்க்கைச் சேர்ந்த ஆவணப்பட இயக்குநர் டக் பிளாக், ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் தான் படமெடுத்த திருமணத் தம்பதிகளில் சிலரைத் திரும்பத் தேடிப் போய், வாழ்க்கை எப்படிப் போகிறது என்று கேட்டு ‘112 வெட்டிங்ஸ்’ (2014) என்ற படத்தை எடுத்தார். பிரிந்தவர்களும் அதில் உண்டு. அன்றைய மணமேடையையும் இன்றைய முகத்தையும் அடுத்தடுத்து வைக்கிறார். மூதெயினனார் செய்ததும் ஏறக்குறைய இதே தொகுப்பைத்தான்.

7. நினைவு யாருக்குச் சொந்தம்?

2022 ஜூன் 9 அன்று மாமல்லபுரத்தில் நடந்த நயன்தாரா – விக்னேஷ் சிவன் திருமணத்தை உள்ளடக்கிய ஆவணப்படம் 2024 நவம்பர் 18இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. இருவரின் கதை தொடங்கியது ‘நானும் ரௌடிதான்’ (2015) படப்பிடிப்பில். அந்தத் தளத்தில் எடுத்த சில நொடிக் காட்சியைச் சேர்த்தது பற்றித் தயாரிப்புத் தரப்புடன் எழுந்த தகராறு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. நியாயம் எந்தப் பக்கம் என்பது நம் ஆராய்ச்சி அன்று. தங்கள் காதல் தொடங்கிய இடத்தின் மூன்று நொடிக்கும் வேறொருவர் உரிமையாளராக இருக்கக்கூடும் என்பதே நமக்குப் பாடம்.

நம்மைப் போன்றவர்களுக்குச் சட்டம் சாதகமாகவே இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டுக்கொண்டதன் பேரில் எடுக்கப்படும் படத்துக்கு, வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாதவரை, பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். ‘ஒப்பந்தம் இல்லாதவரை’ என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும். கையெழுத்துப் போடும் தாளில் மாற்றி எழுதியிருக்கலாம். திருமண நிகழ்ச்சியில் பாட்டு ஒலிபரப்ப 52ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் அந்தப் பாட்டைப் படத்தில் கோத்து யூடியூபில் ஏற்றுவது வேறு விஷயம். பாட்டியின் குரலுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்!

8. நல்லதும் உண்டு, நாம் செய்யக் கூடியதும் உண்டு

எல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை. மாதுங்காவில் நண்பர் வீட்டுக் கல்யாணப் படம் ஒன்று பார்த்தேன். பதினொரு நிமிடம். திரை இருட்டாக இருக்கிறது. தேங்காய் துருவும் சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு விடியற்காலைச் சமையற்கட்டு. பெண்ணின் அப்பா இலைக் கட்டை எண்ணுகிறார். அந்த எண்ணிக்கைக் குரல் தொடர்ந்து வர, பெண் அலங்காரம் முடிந்து எழுகிறாள். எண்ணிக்கை நடுவில் தப்புகிறது, “எங்கே விட்டேன்?” என்கிறார். அவ்வளவுதான். பெண்ணைக் கொடுக்கிற தகப்பனின் மனசு முழுதும் அதில் வந்துவிட்டது. ஜே-கட், எல்-கட் எல்லாம் அதே உத்திதான். தொகுத்தவர் மராட்டிக்காரர், ஆனால் பெண்ணின் அத்தை ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து, யார் யார், என்ன பேசுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்.

ஆகவே கல்யாண வேலைப் பட்டியலில், ‘வெற்றிலை பாக்கு, சந்தனம்’ என்பதோடு இவற்றையும் எழுதிக்கொள்ளலாம். வெட்டாத மூலப்பதிவு முழுவதையும் ஒப்பந்தத்தில் கேட்டு வாங்கி, இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். கதைப்படத்தோடு, சடங்குகள் அசல் ஒலியுடன் வரிசையாக வரும் நீண்ட படம் ஒன்றும் வேண்டும். தாலி கட்டும் இடத்திலும் பாடுகிற இடத்திலும் ஸ்லோ மோஷன் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். தமிழ் தெரிந்த ஒருவர் எடிட்டர் பக்கத்தில் ஒரு நாளாவது உட்கார வேண்டும். பேட்டி எடுப்பதானால் மணமக்களை மட்டும் கேட்காமல் தாத்தா பாட்டியையும் கேட்கச் சொல்ல வேண்டும்.

வெளிமாநிலத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு ஊரும் இல்லை, ஊர்ப்பேச்சும் குறைவு. மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் தமிழில் சத்தம் போட்டுப் பேசுகிற இடம் இன்று கல்யாண மண்டபம் ஒன்றுதான். அதன் பதிவைப் பேசாப்படமாக்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, “பசங்களுக்குத் தமிழ் வரலையே” என்று சங்கக் கூட்டத்தில் வருத்தப்படுவதில் பொருளில்லை.

என் சின்னவள் கல்யாணம் வரும் தையில். ஊஞ்சலுக்குப் பாட மூன்று அத்தைகள் சேர்ந்து, அம்மாவின் பாட்டில் ஞாபகம் இருக்கிற அடிகளை ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறார்கள். அரைகுறைதான். இந்தத் தடவை மைக்கை நானே பிடிக்கப் போகிறேன்.